முட்டைக்கோஸ் நொதித்தல்: மேலே வெள்ளைப் படலம், இலை குழைந்துவிட்டது

கேள்வி: 1 கிலோ முட்டைக்கோஸ், 10 கிராம் உப்பு, அறை வெப்பம் 30 டிகிரி. ஆறாம் நாள் மேலே வெள்ளைப் படலம், இலையில் மொறுமொறுப்பே இல்லை. எங்கே தப்பு?

பதில் 1: உப்பு பாதிதான் போட்டிருக்கிறீர்கள். எடையில் 2 முதல் 2.5 சதவீதம் வேண்டும், அதாவது 20–25 கிராம். கரண்டிக் கணக்கு வேண்டாம், தராசில் நிறுங்கள். கல்லுப்பும் தூளுப்பும் ஒரே கரண்டியில் வேறு வேறு எடை. உப்பு குறைந்தால், இலைக்கு உறுதி தரும் பெக்டினைச் சிதைக்கும் நொதிகளுக்குக் கொண்டாட்டம், இலை குழையும்.

வெப்பமும் அதிகம். 18–22 டிகிரி போதும். முதலில் லூக்கோநாஸ்டாக் பாக்டீரியா கரியமில வாயுவை விட்டு ஆக்சிஜனை விரட்டும். பிறகு லாக்டோபாசில்லஸ் பிளான்டாரம் என்ற இன்னொரு பாக்டீரியா புளிப்பை ஏற்றும். 30 டிகிரியில் முதல் கட்டம் அவசரமாக முடிந்துவிடும், மணமும் போகும்.

பதில் 2: படலம் பெரும்பாலும் ஈஸ்ட். காற்றுப் படுவதால் வருவது. புளிப்பைத் தரும் லாக்டிக் அமிலத்தையே தின்று புளிப்பைக் குறைக்கும், ஆகவே உடனே வழித்தெடுங்கள். பஞ்சுபோலப் பச்சையோ கறுப்போ வளர்ந்திருந்தால், அல்லது அழுகல் வாடை அடித்தால், மொத்தமும் குப்பைக்கு. அடுத்த முறை மேலே எடை வைத்து இலையை உப்புநீருக்குள் அமிழ்த்துங்கள். பிஎச் (புளிப்பை அளக்கும் எண், குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4.6க்குக் கீழே இறங்கியதா என்று பாருங்கள்.

கேள்வி கேட்டவர்: மூடியை இறுக்கலாமா?

பதில் 1: கூடாது, வாயு அழுத்தத்தில் கண்ணாடி ஜாடி வெடிக்கும்.

பதில் 3: சின்னத் துணுக்கு: இந்தப் புளிப்புக்கு நுண்ணுயிரே காரணம் என்று பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் சொன்னது 1857இல்தான். ஜெர்மன் வேதியியலாளர் லீபிக் அதை வெறும் வேதிச் சிதைவு என்றே வாதிட்டார்.