நான் சொன்னால் மட்டும் வாய் நீளமா?

கேள்வி:
திருப்பூரில் பின்னலாடை நிறுவனம் ஒன்றில் லைன் சூப்பர்வைசராக இருக்கிறேன். டீ-ஷர்ட்டின் கழுத்து ரிப் கோணியிருந்ததால் மெஷினை நிறுத்தச் சொன்னேன். "இந்த அம்மாவுக்கு வாய் நீளம்" என்றார்கள். பக்கத்து லைன் அண்ணன் இதையே கத்திச் சொன்னால் அவர் கண்டிப்பானவர்! கூட்டத்திலும் என் யோசனை அவர் வாயில் வந்த பிறகுதான் எடுபடுகிறது. என்ன செய்வது?

பதில் 1:
குரலைத் தணிக்காதீர்கள், அக்கா. அமெரிக்காவில் கணக்குத் தணிக்கை நிறுவனம் ஒன்றில் பங்குதாரர் பதவி மறுக்கப்பட்ட ஆன் ஹாப்கின்ஸ் என்ற பெண்ணுக்கும் பெண்மையோடு நடக்க, பேசத்தான் அறிவுரை சொன்னார்கள். 1989இல் உச்ச நீதிமன்றம் அதைப் பாகுபாட்டுக்கான சான்றாக ஏற்றது.

பதில் 2:
ஒபாமா கால வெள்ளை மாளிகையில் ஒரு பெண் அலுவலர் சொன்ன யோசனையை மற்றப் பெண்கள் அவர் பெயரைச் சொல்லியே திரும்ப எடுத்துரைத்தார்கள். உங்கள் செக்கிங் பகுதி அக்காவிடம் முன்பே பேசிவையுங்கள்.

கேட்டவர்:
பேசிவிட்டேன். நாளைக் காலை கூட்டம்.