ஆழத்தைக் குறைத்துக் காட்டும் டைவ் கம்ப்யூட்டர்: வைத்துக்கொள்வதா, ஒதுக்குவதா?

மீன்குஞ்சு:
வணக்கம். அந்தமானின் ஹேவ்லாக் தீவுக்கு டைவிங் போய் வந்தேன். என் டைவ் கம்ப்யூட்டர் (ஆழத்தையும் எவ்வளவு நேரம் கீழே இருக்கலாம் என்பதையும் காட்டும் கருவி; கைக்கடிகார வகை, பேட்டரியை நாமே மாற்றலாம், வாங்கி ஆறு வருடம்) இரண்டு சேட்டை செய்தது. ஒன்று, படகில் ஏறி டேங்கைக் கழற்றிய பிறகும் 1.4 மீட்டர் என்று காட்டிக்கொண்டே இருந்தது. டைவ் முடிந்ததாக அது ஒத்துக்கொள்ளவே இல்லை, அப்புறம் தானாகச் சரியானது. இன்னொன்று, மறுநாள் டிக்சன்ஸ் பினக்கிள் என்ற கடலடிப் பாறையில் என்னோடு இறங்கிய மூவருக்கும் அதிகபட்ச ஆழம் 28 மீட்டர் சொச்சம், எனக்கு மட்டும் 26. கடையில் "உப்புதான், வெந்நீரில் போடுங்க" என்றார்கள். கைடு "உங்களுடையதைப் பார்க்க வேண்டாம், என்னைப் பார்த்து வாங்க" என்றார். மே மாதம் இலங்கையின் கிழக்குக் கரைக்குப் போகிறேன். இதை நம்பி இறங்கலாமா?

வால்வு வாத்தியார்:
இறங்கக் கூடாது. இதையே ஒரு பாடமாக எடுத்துக்கொண்டு டேபிளுக்கு, அதாவது எந்த ஆழத்தில் எத்தனை நிமிடம் இருக்கலாம் என்ற அச்சிட்ட அட்டவணைக்கு, திரும்புங்கள் என்பேன். 18 மீட்டரா, 56 நிமிடம். 30 மீட்டரா, 20 நிமிடம். டைவிங் பயிற்சி அமைப்பான பேடியின் டேபிள் 1988-இல் வந்தது, இன்றுவரை அதற்கு பேட்டரி தீர்ந்ததில்லை. இப்போதெல்லாம் புதிதாகச் சான்றிதழ் வாங்கியவர்களிடம் சர்ஃபேஸ் இன்டர்வெல் (இரண்டு டைவுக்கு நடுவில் மேலே இருக்கும் நேரம்) என்றால் என்ன என்று கேட்டால் கையைத் தூக்கி வாட்சைப் பார்க்கிறார்கள்.

சிங்கைச் செல்வி:
வாத்தியார் சார், உங்கள் டேபிளை இவருடைய டைவுக்கே போட்டுப் பார்ப்போம். 26 மீட்டரைத் தொட்டாலே 30-க்கான கட்டத்துக்குப் போக வேண்டும், மொத்தம் 20 நிமிடம். ஆனால் இந்த மாதிரி இடத்தில் யார் 28-இல் உட்கார்ந்திருக்கிறார்கள்? இறங்கியதும் அடியில் கொஞ்ச நேரம், மீதி முழுக்க 15, 18 மீட்டரில் பாறையைச் சுற்றி வருவதுதான். டேபிளைப் பொறுத்தவரை நீங்கள் முழு நேரமும் அடியிலேயே கிடந்தீர்கள். ஒரு நாளில் மூன்று டைவ் என்றால் மூன்றாவது டைவ் எதற்கும் உதவாமல் போகும்.

அதைவிட முக்கியமானது ஒன்று. டேபிளுக்கும் ஆழம் தெரிய வேண்டுமே? அந்த எண்ணைத் தருவது எது? இன்னொரு கருவிதான். அது இரண்டு மீட்டர் பொய் சொன்னால் உங்கள் டேபிளும் சேர்ந்து பொய் சொல்லும்.

வால்வு வாத்தியார்:
ஊசி வைத்த கேஜில் கோளாறு வந்தால் கரையிலேயே ஊசி பூஜ்யத்தில் நிற்காது, கண்ணுக்குத் தெரியும். கம்ப்யூட்டர் பொய்யைக்கூடத் தசமப் புள்ளியோடு சொல்லும், பார்ப்பவர் நம்பிவிடுவார்.

கருவியை விடுங்கள், உள்ளே இருக்கும் கணக்கே தப்பாக இருந்த கதையும் உண்டு. யூவாடெக் நிறுவனத்தின் அலாடின் ஏர் எக்ஸ் நைட்ராக்ஸ் கம்ப்யூட்டர்கள், 1996 பிப்ரவரிக்கு முன் செய்தவை. டைவர் கரையில் சாதாரணக் காற்றைச் சுவாசித்துக்கொண்டிருக்கும்போதும் நைட்ராக்ஸையே (ஆக்சிஜன் கூடுதலாகக் கலந்த காற்று) சுவாசிப்பதாகக் கணக்குப் போட்டன. அதனால் ஆழத்தில் உடலில் சேர்ந்த நைட்ரஜன் நிஜத்தைவிட வேகமாகக் கழிந்துவிட்டதாக அவற்றுக்கு நினைப்பு, அடுத்த டைவுக்குக் கூடுதல் நேரம் கொடுத்தன. அவற்றைத் திரும்பப் பெறும் அறிவிப்பு அமெரிக்காவில் எப்போது வந்தது தெரியுமா? 2003-இல்.

சிங்கைச் செல்வி:
தெரியும் சார், அது மறக்கக் கூடாத விஷயம்தான். ஆனால் அதற்காக இன்று கம்ப்யூட்டரே வேண்டாம் என்பது எப்படிச் சரியாகும்? அந்தக் காலத்து மாணவர்கள் டேபிளில் எத்தனை முறை வரிசை மாற்றிப் படித்தார்கள் என்பதை நீங்களே எங்களுக்குச் சொல்லியிருக்கிறீர்கள்.

ஓ-ரிங் ராஜா:
நான் பழுதுபார்ப்பவன், அதனால் கணக்குச் சண்டைக்குள் வரவில்லை. மீன்குஞ்சு தம்பி சொன்ன இரண்டு சேட்டையும் ஒரே நோயின் அறிகுறி என்றுதான் எனக்குப் படுகிறது.

இந்தக் கருவிக்கு ஆழம் தெரியாது, அழுத்தம் மட்டும்தான் தெரியும். உறையில் இருக்கும் சின்ன ஓட்டைகள் வழியாகத் தண்ணீர் சென்சாரைத் தொடுகிறது. அந்த ஓட்டையில் உப்பு இறுகினால் அழுத்தம் தாமதமாகப் போய்ச் சேரும், தாமதமாக வெளியே வரும். இறங்கும்போது நிஜத்தைவிடக் குறைவாகக் காட்டும். கொஞ்ச நேரமே அடியில் இருந்து ஏறிவிட்டால் அதிகபட்ச ஆழத்தையே தவறவிடும். மேலே வந்த பிறகும் உள்ளே மிச்ச அழுத்தம் இருப்பதால் 1.4 மீட்டர் என்று அடம்பிடிக்கும். இரண்டும் உங்களுக்கு நடந்திருக்கிறது.

உப்புநீர், நன்னீர் செட்டிங் வித்தியாசமோ என்று யாராவது கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன். அதனால் வருவது சுமார் 3 சதவீதம்தான். 28 மீட்டரில் ஒரு மீட்டர்கூட வராது. அந்த செட்டிங் திரையில் தெரியும் எண்ணைத்தான் மாற்றும், நைட்ரஜன் கணக்கு அழுத்தத்தை வைத்தே நடக்கும். சென்சாருக்கே தப்பான அழுத்தம் போனால் கணக்கும் சேர்ந்து கெடும். கொடுத்த நேரமும் நிஜத்தைவிட அதிகமாக இருந்திருக்கும். இதில் கவலைப்பட வேண்டியது அதுதான்.

சோதிக்க ஒரு வழி உண்டு. சரியாக வேலை செய்யும் இன்னொரு கம்ப்யூட்டரோடு சேர்த்துக் கட்டி, அளவு போட்ட கயிற்றில் 9, 10 மீட்டருக்கு இறக்கி அங்கேயே வையுங்கள். ஐந்து நிமிடம் போகட்டும். உங்களுடையதில் எண் மெதுவாக ஏறிவந்து மற்றதோடு சேர்ந்துகொண்டால் அடைப்பு. எவ்வளவு நேரம் ஆனாலும் அதே வித்தியாசத்தில் நின்றால் சென்சாரே போய்விட்டது. அப்படியானால் கழுவி ஒரு பயனும் இல்லை.

மீன்குஞ்சு:
நன்றி ராஜா அண்ணா. வெந்நீர் யோசனை? வினிகர் ஊற்றச் சொல்லியும் ஒருவர் சொன்னார்.

ஓ-ரிங் ராஜா:
வெந்நீர் வேண்டாம். கை பொறுக்கும் வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் இரவு முழுக்க ஊறட்டும், நடுவில் ஓரிரு முறை தண்ணீரை மாற்றுங்கள். வினிகரால் உப்பு கரையும் என்பது உண்மைதான். ஆனால் அது வேறு எதையெல்லாம் அரிக்கும் என்று உங்கள் மாடலைச் செய்தவர்தான் சொல்ல முடியும். நான் ஊற்ற மாட்டேன். ஊசி, குண்டூசி, பல் குத்தும் குச்சி எதையும் அந்த ஓட்டைக்குள் விடாதீர்கள். டேங்க் வால்வைத் திறந்து காற்றைப் பீய்ச்சிக் காயவைக்கும் பழக்கம் படகுகளில் இருக்கிறது. அந்த அழுத்தம் நேராகச் சென்சாரின் சவ்வில் அடிக்கிறது. சும்மா துணியால் துடைத்து நிழலில் வையுங்கள். கொசு மருந்து, சன்ஸ்கிரீன் பட்ட கையோடு திரையைத் துடைக்க வேண்டாம், சில பிளாஸ்டிக் வெளுத்து வெடித்துவிடும்.

இன்னொன்று: டைவ் கடை வாசலில் இருக்கும் தொட்டி. காலையில் அது நல்ல தண்ணீர். மதியத்துக்குள் இருபது பேர் ஜாக்கெட்டை முக்கியிருப்பார்கள். அதில் முக்கியதைக் கழுவிய கணக்கில் சேர்க்காதீர்கள், அறைக்குப் போய்க் குழாயில் கழுவுங்கள்.

சிங்கைச் செல்வி:
தொட்டிக்குள் பட்டனை அழுத்தக் கூடாது என்கிறார்களே, அதையும் சொல்லிவிடுங்கள் அண்ணா. 30 மீட்டர் ஆழத்தில் அழுத்துகிறேன், முழங்கால் ஆழத் தொட்டியில் அழுத்தினால் என்ன ஆகிவிடும்? கேமராவுக்குச் சொன்னதை யாரோ இதற்கும் சொல்லிவிட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

ஓ-ரிங் ராஜா:
பட்டனுக்கு அடியில் மணலும் காய்ந்த உப்பும் இருக்கும்போது அழுத்தினால் அவை ஓ-ரிங்கை, அதாவது தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையத்தை, கீறும். அதனால் முதலில் ஊறவிடுங்கள், பிறகு தாராளமாக அழுத்தலாம். அடியில் ஒட்டியிருப்பதும் வெளியே வரும். அவசரமாக அழுத்தக் கூடாது, அவ்வளவுதான்.

வால்வு வாத்தியார்:
இவ்வளவு தொட்டுத் தொட்டுப் பராமரிக்க வேண்டிய ஒன்றை நம்பித்தான் உயிரோடு மேலே வர வேண்டுமா? அமெரிக்காவில் சூன்டோ கம்ப்யூட்டர்களின் ஆழ சென்சாரை வைத்துக் கூட்டு வழக்கே நடந்தது. 2006 முதல் 2018 வரை செய்தவற்றை இலவசமாகப் பரிசோதித்து, தேவைப்பட்டால் மாற்றித் தருவதாகச் சமரசம் ஆனது. தவறு எங்களுடையது என்று நிறுவனம் ஒப்புக்கொள்ளவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். பெரிய பெயர் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது.

சிங்கைச் செல்வி:
இதில் உங்களோடு ஒத்துப்போகிறேன். அதனால்தான் என் கையில் இரண்டு. ஒன்று கெட்டால் இன்னொன்று இருக்கிறது என்பது ஒரு பயன். ஒன்று பொய் சொல்வதைக் காட்டிக்கொடுப்பது அதைவிடப் பெரிய பயன். மீன்குஞ்சுக்கு மற்ற மூவரின் எண் தெரிந்ததால்தானே சந்தேகமே வந்தது? தனியாக இறங்கியிருந்தால் 26 என்றே எழுதி வைத்திருப்பார்.

இரண்டாவதைப் பையில் போட்டு வைப்பதில் அர்த்தமில்லை. நேற்றும் இன்று காலையும் உங்களோடு இறங்காத கம்ப்யூட்டருக்கு உங்கள் உடலில் எவ்வளவு நைட்ரஜன் இருக்கிறது என்று தெரியாது. வாடகைக்கு எடுத்தாலும் முதல் டைவிலிருந்து கடைசி வரை கையில் இருக்க வேண்டும். கைடைப் பார்த்து வரச் சொன்னது இதே காரணத்தால் தப்பு. அவர் உங்களுக்கு மேலே இரண்டு மீட்டரில் நீந்தியிருப்பார், முந்தைய நாள் வேறு ஆட்களோடு வேறு டைவ் செய்திருப்பார். அவருடைய திரையில் இருப்பது அவருடைய உடம்பு.

மட்டக்களப்பான்:
கிழக்குக் கரை என்று கண்டதால் எழுதுகிறன். தம்பி, அங்கே எந்த இடத்தில் இறங்கப் போறீங்கள்? பாசிக்குடா, திருகோணமலைப் பக்கம் ஆழம் குறைந்த பவளப்பாறைகள் என்றால் இவ்வளவு கதைக்கத் தேவையில்லை. ஹெர்மிஸ் என்றால் வேறு கதை. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பான் விமானங்கள் மூழ்கடித்த கப்பல், 50 மீட்டருக்கும் கீழே கிடக்குது. அங்கே கம்ப்யூட்டர் நின்றுபோனால் நேரே மேலே வந்துவிடலாம் என்ற கதைக்கு இடமில்லை, டெகோ ஸ்டாப் (நைட்ரஜன் கழிய வழியில் கட்டாயமாக நிற்க வேண்டிய நேரம்) இருக்கும். நாங்கள் இரண்டு கம்ப்யூட்டரும் கட்டுவோம், எந்த ஆழத்தில் எத்தனையாவது நிமிடம் என்று சிலேட்டில் எழுதியும் கொண்டு போவோம். வாத்தியாரின் டேபிளும் செல்வியின் இரண்டும் அங்கே ஒன்றாய்த்தான் போகும்.

மீன்குஞ்சு:
ஹெர்மிஸுக்கு எனக்குச் சான்றிதழும் இல்லை, துணிச்சலும் இல்லை அண்ணா. 30 மீட்டருக்கு மேல் போக மாட்டேன். அந்த ஆழத்துக்குள் நின்றுபோனால்?

சிங்கைச் செல்வி:
டெகோ இல்லாத டைவ் என்றால் டைவை அங்கேயே முடித்து, நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் போகாமல் ஏறி, 5 மீட்டரில் காற்று அனுமதிக்கும் வரை நிற்க வேண்டும். பிறகு 24 மணி நேரம் தண்ணீர்ப் பக்கம் போகக் கூடாது. கடன் வாங்கிய கம்ப்யூட்டரோடு மதியம் இறங்குவதெல்லாம் வேண்டாம்.

ஓ-ரிங் ராஜா:
பேட்டரி பற்றியும் ஒரு வார்த்தை. பயணத்துக்கு முன்பே மாற்றுங்கள், நடுவில் வேண்டாம். சில மாடல்களில் பேட்டரியை எடுத்ததும் நைட்ரஜன் கணக்கு அழிந்து, நீங்கள் புத்தம் புதிதாக இறங்குவதாக நினைத்துக்கொள்ளும். ஓ-ரிங்கையும் சேர்த்து மாற்றுங்கள். கிரீஸ் பளபளப்பு வரும் அளவுக்கு மட்டும் போதும், அப்பிவைத்தால் முடியும் தூசியும் ஒட்டும். தெருமுனை வாட்ச் கடையில் கொடுக்காதீர்கள். அவர்கள் கைத்திறமையில் குறை இல்லை, ஆனால் மூடிய பிறகு அழுத்தத்தில் வைத்துப் பார்க்க அவர்களிடம் பாத்திரம் இருக்காது.

மீன்குஞ்சு:
ராஜா அண்ணா சொன்ன கயிற்றுச் சோதனையைச் செய்தேன். 9 மீட்டரில் நண்பரின் கம்ப்யூட்டர் உடனே 9.1. என்னுடையது 7.3-இல் ஆரம்பித்து ஊர்ந்து ஊர்ந்து நாலாவது நிமிடத்தில் 9.0. இரவு ஊறவைத்து மறுபடி இறக்கினேன், இரண்டும் ஒன்றாகவே காட்டின. அப்படியானால் சரியாகிவிட்டதா?

ஓ-ரிங் ராஜா:
அடைப்பு போயிருக்கிறது. 9 மீட்டரில் ஒத்துப்போனதை வைத்து 30-க்குக் கையெழுத்துப் போட மாட்டேன். சர்வீஸுக்குக் கொடுங்கள், உறையைக் கழற்றிச் சுத்தம் செய்து, அழுத்தப் பாத்திரத்தில் 40 மீட்டர் வரை ஏற்றி இறக்கிப் பார்க்கட்டும். மே மாதத்துக்கு நேரம் இருக்கிறது.

சிங்கைச் செல்வி:
சர்வீஸ் முடிந்ததும் அதை இரண்டாவதாக வைத்துக்கொண்டு, முதலாவதாக இன்னொன்று வாங்குங்கள். இரண்டும் வேறு எண் காட்டினால் குறைவாக நேரம் தருவதைப் பின்பற்றுங்கள்.

வால்வு வாத்தியார்:
வாங்கட்டும், நான் தடுக்கவில்லை. ஆனால் ஒரு டேபிளை லேமினேட் செய்து பாக்கெட்டில் வைக்கச் சொல்லுங்கள். இரண்டு கம்ப்யூட்டர் இரண்டு விதமாகச் சொல்லும் அன்றைக்கு எது பைத்தியக்கார எண் என்று தெரிந்துகொள்ளவாவது அது தேவைப்படும்.

சிங்கைச் செல்வி:
லேமினேட் எடுப்பதற்குள் இரண்டு நிமிடம் போய்விடும் சார். ஆனால் கரையில் உட்கார்ந்து பார்க்க வைத்துக்கொள்ளலாம், அதற்குச் சரி.

வால்வு வாத்தியார்:
கரையில் உட்கார்ந்து பார்ப்பதற்காகத்தான் அதைச் செய்தார்களே அம்மா! தண்ணீருக்குள் இறங்கிய பிறகு கணக்குப் போடச் சொல்லி நான் யாரிடமும் சொன்னதில்லை.