பருவுக்கு ஐஸ், கிரையோ: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். என் தங்கைக்கு 19 வயது, மாநிறம். தாடையிலும் கன்னத்திலும் சீழ் கோத்த பெரிய பருக்கள், தொட்டாலே வலிக்கிறது. தோல் மருத்துவர் அடாபலீன் ஜெல்லும் பென்சாயில் பெராக்சைடும் எழுதிக் கொடுத்திருக்கிறார்; பலன் தெரிய 2, 3 மாதம் ஆகுமாம். அதுவரை ஐஸ்கட்டியைத் துணியில் சுற்றி ஓரிரு நிமிடம் ஒற்றிக்கொள்கிறாள். சிவப்பும் வலியும் குறைகிறது, கொஞ்ச நேரத்தில் பழையபடி ஆகிவிடுகிறது. குளிர் ரத்தக்குழாயைச் சுருக்குமே தவிர, துளை அடைப்பைச் சரிசெய்யாதே.

இப்போது ஒரு அழகு நிலையத்தில் திரவ நைட்ரஜனால் பருவை உறைய வைக்கும் கிரையோ சிகிச்சை செய்யலாம் என்கிறார்கள். அதன் கொதிநிலையே மைனஸ் 196 டிகிரி! நிறமி செல்கள் குளிருக்குச் சீக்கிரம் செத்துவிடும், நம் நிறத்தில் வெள்ளைத் திட்டு விழலாம் என்பதுதான் என் பயம். அம்மாவோ, "பார்லர்காரங்களுக்குத் தெரியாதா?" என்கிறார்.

யாராவது தோல் மருத்துவரிடம் கிரையோ செய்துகொண்டீர்களா? திட்டு விழுந்ததா, அப்புறம் மறைந்ததா? அடாபலீன் போடும் தோலில் ஐஸ் வைத்து எரிச்சல் வந்ததா? பருவுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டவர்கள் இருந்தால் அதையும் சொல்லுங்கள். விளம்பரம் மட்டும் வேண்டாம், ப்ளீஸ்.