பத்மினியின் ஆட்டத்தை அடக்க வழி சொல்லுங்கள்

பெங்களூர் மக்களே, ஓர் உதவி. அப்பா ஓட்டிய பிரீமியர் பத்மினி கார் இப்போது என்னிடம். என்ஜின் தங்கம், ஆனால் நந்தி மலை வளைவுகளில் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து, பின்பக்கம் ஒரு குதி குதித்துத்தான் நேராகிறது. முன்னால் காயில் ஸ்பிரிங், பின்னால் லீஃப் ஸ்பிரிங் (அடுக்கடுக்கான இரும்புப் பிளேட்டுகள்), டயர் இன்னும் பழைய 5.20-14 நைலான்தான்.

அதே 14 அங்குல இரும்பு ரிம்மில் ரேடியல் டயர் போட்டவர்கள் யாராவது உண்டா, என்ன சைஸ் போட்டீர்கள்? ஜே.சி. ரோட்டில் ஒருவர் அகலமான அலாய் வீல் போடச் சொல்கிறார். பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டி, பார்க்கிங்கில் திருப்புவதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும், ஆஃப்செட் (சக்கரம் உள்ளே வெளியே தள்ளி உட்காரும் அளவு) மாறினால் வீல் பேரிங் வேறு சீக்கிரம் போகும், எனக்கு மனசில்லை. ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்தும் பேச்சே வேண்டாம், நம்ம ஊர் ஹம்ப்பில் அடி தட்டும்.

சஸ்பென்ஷன் இணைப்புகளில் இருக்கும் புஷ் எல்லாம் ரப்பர் வெடித்துக் கிடக்கிறது, முதல் வேலை அதுதான். அப்புறம், வெட்டி ஒட்டாமல் பொருந்தும் கேஸ் ஷாக் அப்சார்பர் எந்த வண்டியினுடையது? தொய்ந்துபோன பின் பிளேட்டுகளை வளைத்து வாங்குவதா, இன்னொரு பிளேட் கூட்டுவதா? நாலு சக்கரமும் டிரம் பிரேக், அதையும் கணக்கில் வைத்துச் சொல்லுங்கள். பிளேட் வேலை தெரிந்த பழைய கைகள் யாராவது இருந்தால் இன்பாக்ஸில் நம்பர் அனுப்புங்கள்.