புதுப்பிப்பு: தீயணைப்பான் பிராக்கெட் விற்பனைக்கு வந்தாச்சு

கார் முன்சீட்டுக்குக் கீழே ஒரு கிலோ தீயணைப்பானை மாட்ட நானே செய்த பிராக்கெட்டின் படத்தை முன்பு போட்டிருந்தேன். "விற்பீங்களா?" என்று கேட்டவர்களுக்கு: ஆமாம். ஆனால் படத்தில் இருந்தது இல்லை.

அது பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக்கில் 3டி பிரிண்டரில் அச்சிட்டது, அளவு பார்க்க மட்டும். பிஎல்ஏ சுமார் 60 டிகிரி செல்சியஸிலேயே இளகும். வெயிலில் மூடி நிற்கும் காருக்குள் சூடு அந்த அளவை எட்டிவிடலாம். இப்போது தருவது 3 மி.மீ. எஃகுத் தகடு, பவுடர் கோட்டிங்கோடு.

எடையைத் தாங்கினால் மட்டும் போதாது. தீயணைப்புப் பவுடர் ஒரு கிலோ, சிலிண்டரோடு சேர்த்து இரண்டு கிலோவுக்குப் பக்கம் வரும் என்று வையுங்கள். மோதலில் 20 ஜி, அதாவது எடையைப் போல் 20 மடங்கு விசை வந்தால் நாற்பது கிலோ மூட்டைபோல் இழுக்கும். அதனால்தான் உலோகப் பட்டையும் நெம்புகோல் பூட்டும். வெல்க்ரோ கேட்டவர்களே, கிடையாது.

பிராக்கெட்டைச் சீட் போல்ட்டோடு சேர்த்துத்தான் முறுக்க வேண்டும்; அந்த போல்ட்டின் நீளம் போதாவிட்டால் கைக்குக் கிடைத்ததைப் போடாதீர்கள். போல்ட் தலையில் 10.9 என்று (அதன் வலிமைத் தரம்) இருந்தால் புதியதும் 10.9தான், முறுக்குவிசை சர்வீஸ் கையேட்டில் உள்ளபடி. சீட்டுக்கு அடியில் ஓடும் மஞ்சள் ஏர்பேக் கனெக்டரைத் தொடவே வேண்டாம்.

மாட்டியதும் சீட்டை முன்னும் பின்னும் முழுக்க நகர்த்திப் பாருங்கள். ஓட்டுநர் பக்கம் வேண்டுமென்று சிலர் அடம்பிடிக்கிறார்கள். தீயணைப்பான் கழன்றால் பெடலுக்கு அடியில் உருளும், எனக்கு அதில் உடன்பாடில்லை.

சீட் நகரும் ரெயிலில் உள்ள போல்ட் துளைகளின் மையத்துக்கு மையம் இடைவெளியை அளந்து அனுப்பினால்தான் ஆர்டர் எடுப்பேன்.