பள்ளி வாசலிலும் சாலைப் பணி நடக்கிற இடத்திலும் 30 கி.மீ. வேக வரம்பு கொண்டுவர யாரிடம் கேட்க வேண்டும்?

புளியரைத்தம்பி:

வணக்கம். செங்கோட்டையிலிருந்து புளியரை வழியாகக் கேரளாவுக்குப் போகிற தேசிய நெடுஞ்சாலையை ஒட்டியே எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் இருக்கிறது. என் மகள் மூன்றாவது படிக்கிறாள், நான் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிறேன். பள்ளிக்கு முன்னால் ஒரு வளைவு, வளைவில் பெரிய புளியமரம். இரண்டு மாதமாகப் பள்ளியைத் தாண்டி ஒரு சிறுபாலத்துக்குத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், அதனால் பாதிச் சாலைதான் ஓடுகிறது. எதிரே வண்டி வருவதற்குள் அந்தப் பாதியைப் பிடித்துவிட வேண்டும் என்று பள்ளி வாசலிலேயே மிதிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். பள்ளத்துக்கு அடையாளம் என்று பார்த்தால் மண் நிரப்பின இரண்டு தார் டிரம், ஒரு சவுக்குக் கம்பு, அதில் ஒரு சிவப்புத் துணி. சாரல் அடித்தால் துணி கம்போடு சுற்றிக்கொள்ளும். ராத்திரியில் ஒன்றுமே தெரியாது.

போன வாரம் சாயங்காலம் பள்ளி விட்ட நேரம், நான் எதிர்ப்பக்கம் நின்றிருந்தேன். மகள் கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டே நடுச்சாலை வரைக்கும் வந்துவிட்டாள், அப்போது வளைவில் ஒரு டாரஸ் லாரி. பிரேக் சத்தத்தில் அவள் முன்னாலும் வரவில்லை, பின்னாலும் போகவில்லை, அப்படியே நின்றுவிட்டாள். வண்டி நின்றது. தூக்கின கையை அவள் இறக்கவே இல்லை, நான் போய்த்தான் பிடித்து இறக்கினேன்.

மறுநாள் டேப் வைத்து அளந்தேன். வண்டி கண்ணில் படுகிற இடத்திலிருந்து பள்ளி வாசல் 70 மீட்டர். சாலை அகலம் 7 மீட்டர், சின்னப் பிள்ளை நடந்து கடக்க ஏழு நொடி ஆகிறது. 60 கி.மீ. வேகத்தில் வருகிற வண்டிக்கு அந்த 70 மீட்டர் நாலு நொடி வேலை. 30இல் வந்தால் எட்டு நொடிக்கு மேல் ஆகும். அதாவது பிள்ளை கால் எடுத்து வைத்த பிறகு வண்டி வந்தாலும், 30 என்றால் கடந்துவிடுவாள்.

நாங்களே போர்டு எழுதி வைத்துவிடலாம் என்கிறார்கள் ஊரில். வைக்கலாமா? மனு என்றால் யாருக்கு?

ரோடுவேலை_ஓய்வு:

தம்பி, முப்பது வருஷம் சாலை வேலையில் இருந்தவன், தெரிந்ததைச் சொல்கிறேன்.

நீங்களாக எழுதி வைக்கிற போர்டுக்குச் சட்டத்தில் மதிப்பு இல்லை, அதை மீறினவருக்கு அபராதமும் போட முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 112படி ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வேக வரம்பு வைக்கிற அதிகாரம் மாநில அரசுக்கோ, அரசு அதிகாரம் கொடுத்த அதிகாரிக்கோதான். அரசிதழில் அறிவிக்க வேண்டும், முறையான சாலைக் குறியீடும் நட வேண்டும். ஆனால் அதே பிரிவில் முக்கியமான ஒன்று இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. ஒரு மாதத்துக்கு மேல் போகாத கட்டுப்பாடு என்றால் அரசிதழ் அறிவிப்பு தேவையில்லை. சாலைப் பணி நடக்கிற இடத்துக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். ஆகவே இரண்டையும் ஒரே மனுவில் போட்டுக் குழப்பாதீர்கள். பாலத்து வேலைக்குத் தற்காலிக வரம்பு உடனே வேண்டும் என்று ஒன்று, பள்ளிக்கு நிரந்தர வரம்பு என்று இன்னொன்று.

இரண்டையும் திங்கட்கிழமை குறைதீர் நாளில் கலெக்டரிடமே கொடுங்கள், மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்குத் தலைவர் அவர்தான். நகல் வட்டாரப் போக்குவரத்து அலுவலருக்கும், அந்தச் சாலையைப் பார்க்கிற பொறியாளருக்கும். உங்கள் பகுதி யார் கையில் இருக்கிறது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஒரு அலுவலகத்திலிருந்து இன்னொன்றுக்கு அலைய விடுவார்கள்.

அப்புறம் அந்த டிரம்மும் சிவப்புத் துணியும். அது முறையே இல்லை. பணி இடத்தில் போக்குவரத்தை எப்படி நடத்த வேண்டும் என்பதற்கு இந்தியச் சாலைக் காங்கிரஸ் தனி வழிகாட்டியே வைத்திருக்கிறது (ஐஆர்சி எஸ்பி 55). தூரத்திலேயே எச்சரிக்கை, சாலை குறுகுகிற இடத்தில் படிப்படியாகக் கூம்புகள், பிறகு பணி இடம், முடிகிற இடத்தில் சாலை திறந்துவிட்டது என்ற அடையாளம். இரவில் ஒளிரும் பட்டை இருந்தே ஆக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் 198ஏ என்று ஒரு பிரிவு வந்திருக்கிறது. பாதுகாப்புத் தரத்தைப் பின்பற்றாததால் ஒருவர் இறந்தாலோ உடல் ஊனமுற்றாலோ ஒப்பந்தக்காரருக்கும் சாலைக்குப் பொறுப்பான அமைப்புக்கும் ஒரு லட்சம் வரை அபராதம். மனுவில் அந்தப் பிரிவைக் குறிப்பிடுங்கள். நடக்கும் முன்னாலேயே எழுத்தில் தெரிவித்தோம் என்பது பதிவாகட்டும்.

கடையம்காரன்:

போர்டை எவன் பார்க்கிறான்? இரண்டு பக்கமும் பெரிய வேகத்தடை போடச் சொல்லுங்கள், தன்னால் அடங்குவான்.

ரோடுவேலை_ஓய்வு:

கோபம் நியாயம்தான், ஆனால் தேசிய நெடுஞ்சாலையில் வேகத்தடை கூடாது என்பதுதான் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் நிலை, சில சிறப்பு இடங்கள் விலக்கு. மற்ற சாலையில் போட்டாலும் அளவு உண்டு. 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 செ.மீ. உயரம், 40 மீட்டருக்கு முன்னாலேயே எச்சரிக்கைப் பலகை. ஊரில் ராத்திரியோடு ராத்திரியாகக் கொட்டுகிற மேட்டில் பைக் ஓட்டுகிறவர்கள்தான் விழுகிறார்கள். இந்த இடத்துக்கு அடுத்தடுத்து மெல்லிய பட்டைகளாகப் போடுகிற ரம்பிள் ஸ்ட்ரிப் கேளுங்கள், ஸ்டியரிங்கிலேயே அதிர்வு தெரியும்.

நடைவண்டி:

நான் அந்த வழியில்தான் டிப்பர் ஓட்டுகிறேன், எம் சாண்டும் ஜல்லியும். அண்ணே, உங்கள் பாப்பா விஷயத்தைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் போனைக் கீழே வைத்துவிட்டேன். எனக்கும் இரண்டு பிள்ளைகள்.

எங்கள் பக்கத்தையும் சொல்கிறேன், சாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். எங்களுக்கு மாதச் சம்பளம் இல்லை, நடைக்குத்தான் காசு. லோடு கொண்டுபோகக் கொடுக்கிற அனுமதிச் சீட்டான நடைச்சீட்டில் நேரம் போட்டிருக்கும், அந்த நேரம் முடிந்து வழியில் பிடிபட்டால் வண்டியே நின்றுவிடும். குவாரியில் லோடு ஏற்ற ஒரு மணி நேரம் தாமதமானால் அதைச் சாலையில்தான் ஈடுகட்டச் சொல்கிறார்கள் முதலாளிகள். மெதுவாகப் போ என்று போர்டு மட்டும் வைத்தால் போதாது, பள்ளி நேரத்தில் லோடு வண்டியே வராமல் நிறுத்த வேண்டும்.

இன்னொன்று. வேலை முடிந்து ஆறு மாதம் ஆன இடத்தில்கூட 'மெதுவாகச் செல்லவும், பணி நடைபெறுகிறது' என்று போர்டு நின்றுகொண்டே இருக்கும். நாலு இடத்தில் பொய்யாகப் போன போர்டை ஐந்தாவது இடத்தில் டிரைவர் எப்படி நம்புவான்? வேலை முடிந்த அன்றைக்கே கழற்ற வேண்டும் என்று மனுவில் எழுதுங்கள்.

ஆரியங்காவுச்செல்வி:

எல்லைக்கு இந்தப் பக்கம், கேரளாவில் இருக்கிற தமிழ்க் குடும்பம் நாங்கள். நடைவண்டி அண்ணன் சொல்வதுபோல் லோடு வண்டியை நிறுத்துவது நடக்காத காரியம் இல்லை, கேரளாவில் பள்ளி நேரத்தில் டிப்பர் ஓடத் தடை இருக்கிறது. 2023 ஜூனில் மாநிலம் முழுவதும் 726 கேமராக்களை வைத்து அபராதம் போட ஆரம்பித்தார்கள், அதில் பெரும்பாலானவை ஹெல்மெட், சீட் பெல்ட்டுக்குத்தான் என்றாலும் எது எங்கே இருக்கிறது என்று தெரியாததால் எல்லோரும் அடங்கித்தான் ஓட்டுகிறார்கள். எல்லையில் இருக்கிற கோட்டவாசல் வரைக்கும் பறந்து வந்த அதே வண்டி இங்கே நுழைந்ததும் நிதானமாகப் போவதை நான் தினமும் கடையில் உட்கார்ந்து பார்க்கிறேன். டிரைவர் அதே ஆள்தானே. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 115இல் குறிப்பிட்ட வகை வண்டியை நேரம் குறித்துத் தடுக்க இடம் இருக்கிறது, உங்கள் மாவட்டத்திலும் கேட்கலாம்.

30 என்பதை நாமாகச் சொல்கிற எண் என்று யாராவது சொன்னால், 2020இல் ஸ்டாக்ஹோம் சாலைப் பாதுகாப்பு மாநாட்டின் பிரகடனத்திலேயே நடப்பவர்களும் வண்டிகளும் கலக்கிற இடத்தில் 30தான் உச்சம் என்று இருக்கிறது, அதைக் காட்டுங்கள். அதைவிட உங்கள் ஏழு நொடிக் கணக்குதான் கலெக்டருக்கு நன்றாகப் புரியும். கட்டாயம் சேருங்கள்.

புளியரைத்தம்பி:

எல்லோருக்கும் நன்றி. மூன்று மனு எழுதுகிறேன்: பணி இடத்துக்குத் தற்காலிக வரம்பு, பள்ளிக்கு நிரந்தர வரம்பு, காலை மாலை பள்ளி நேரத்தில் டிப்பருக்குத் தடை. அளந்த கணக்கைப் படமாக வரைந்து வைக்கிறேன். வரும் கிராம சபையில் தீர்மானமும் போட்டுவிடுகிறோம்.

நடைவண்டி அண்ணே, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். செங்கோட்டையிலிருந்து வரும்போது போர்டு எந்த இடத்தில் இருந்தால் உங்கள் கண்ணில் படும்? பள்ளி மதிலிலேயே வைக்கலாம் என்கிறார் தலைமையாசிரியர்.

நடைவண்டி:

மதிலில் வேண்டாம், அங்கே பார்க்கும்போது பிள்ளை ஏற்கெனவே சாலையில் இருக்கும். புளியமரத்துக்கு முன்னால், இடப்பக்கம், ஒரு 50 மீட்டர் தள்ளி வையுங்கள். அந்த இடத்தில்தான் நாங்கள் கியரை மாற்றுவோம், மாற்றும்போதே பார்த்தால் இறக்கிவிடலாம். மரத்தில் ஒரு கிளை சாலைப் பக்கம் தாழ்ந்து தொங்குகிறது, லாரி கேபின் உயரத்துக்கு அது போர்டை மறைக்கும், அதை வெட்டச் சொல்லுங்கள். திங்கட்கிழமை எனக்கு நடை இல்லை, மனு கொடுக்க நானும் வருகிறேன்.