ஷிஃப்ட் மாறும்போது தகவல் விடுபடுகிறது: என்ன செய்யலாம்?

கேள்வி:
30 படுக்கை மெடிசின் வார்டு, ஷிஃப்டுக்கு மூன்று நர்ஸ். ஸ்டேஷனில் எல்லோரும் கூடி ரிப்போர்ட் புக் வாசித்து ஹேண்ட்ஓவர் கொடுக்கிறோம். 40 நிமிடம் போகிறது. அப்படியும் இரவு அனுப்பிய பொட்டாசியம் ரத்த டெஸ்ட்டின் ரிசல்ட்டை மறுநாள் மதியம் வரை யாரும் பார்ப்பதில்லை. டாக்டர் போனில் சொன்ன ஆர்டரும் பாதிதான் நோட்டில் ஏறுகிறது. புக்கில் இன்னும் இரண்டு கட்டம் சேர்க்கலாமா?

பதில் 1:
கட்டம் வேண்டாம் சிஸ்டர், எழுத்து வேலைதான் கூடும். இடத்தை மாற்றுங்கள். முதல் 5 நிமிடம் எல்லோரும் சேர்ந்து மோசமான நோயாளிகள், புது அட்மிஷன் மட்டும். பிறகு ஆளுக்குப் 10 படுக்கை. கொடுப்பவரும் எடுப்பவரும் ஜோடியாகப் படுக்கைக்குப் போக வேண்டும். கைப்பட்டையில் பெயரும் ஐ.பி. (உள்நோயாளி) எண்ணும், மருந்து பம்ப் ஓடும் வேகம், ஆக்ஸிஜன் எத்தனை லிட்டர், யூரின் பேக், எல்லாவற்றையும் கண்ணால் பார்க்க வேண்டும். புக்கில் 'டிரிப்ஸ் ஓடுது' என்றிருக்கும். போர்வையை விலக்கினால் கை வீங்கிப்போயிருக்கும்.

ரிசல்ட்டுக்கு ஒரு வெள்ளைப் பலகை: பெட் எண், டெஸ்ட், அனுப்பிய நேரம். ரிசல்ட்டைப் பார்த்து டாக்டருக்குச் சொன்னவர்தான் அழிக்கலாம். ஷிஃப்ட் முடிந்தது என்று அழிக்கக் கூடாது.

பதில் 2:
போன் ஆர்டரைக் கேட்டதும் எழுதி, எழுதியதை அப்படியே திருப்பி வாசித்து, 'சரி' என்று வாங்கிய பிறகே போனை வைக்க வேண்டும். ஃபிஃப்டீன், ஃபிஃப்டி இரண்டும் போனில் ஒன்றுபோலவே கேட்கும்; 'ஒன்று, ஐந்து' என்று தனித்தனியாகச் சொல்லுங்கள். இன்சுலினுக்கு ஆங்கிலத்தில் 'யூ' (U) என்று ஓரெழுத்து போட்டால் அது பூஜ்யமாகத் தெரிந்து 4 யூனிட் 40 ஆகிவிடும். 'யூனிட்' என்று முழுசாக எழுத வேண்டும். பொட்டாசியம் குளோரைடு என்றால் எத்தனை ஆம்பியூல் (சிறு மருந்துக் குப்பி), எதில் கலப்பது, எத்தனை மணி நேரம் என்ற மூன்றும் இல்லாமல் ஆர்டரே எடுக்காதீர்கள். கலக்காமல் நேராக நரம்பில் தள்ளினால் இதயம் நின்றுவிடும்.

டாக்டரைக் கூப்பிடும்போது 'எஸ்பார்' (SBAR) முறை: நிலைமை, பின்னணி, கணிப்பு, கோரிக்கை. "சார், 12ஆம் பெட், மூச்சு 32, 4 லிட்டர் ஆக்ஸிஜனில் சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு) 86. நிமோனியா, இரண்டு நாளாக ஆண்டிபயாடிக் போகுது. மோசமாகிறார். இப்பவே வந்து பாருங்க." பலர் விழுங்குவது அந்தக் கடைசி வரியைத்தான்.

பதில் 3:
வார்டு இன்சார்ஜாக நீங்கள் செய்ய வேண்டியது மூன்று. ஹேண்ட்ஓவர் முடியும்வரை வார்டு போனை நீங்களே எடுங்கள். விடுபட்டதை ஒருவர் ஒப்புக்கொண்டால் எல்லோர் முன்னாலும் திட்டாதீர்கள்; ஒரு தடவை திட்டினால் அடுத்த தடவை மறைப்பார்கள். வாரம் ஐந்து ஹேண்ட்ஓவர் கூட நின்று கவனித்தால் எந்த இடத்தில் விடுபடுகிறது என்று பிடிபடும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. பக்கத்தில் உறவினர்கள் இருப்பார்களே, ஹெச்ஐவி மாதிரி விஷயம்?

பதில் 1:
அதை மட்டும் ஸ்டேஷனிலேயே கேஸ் ஷீட்டைக் காட்டிச் சொல்லிவிடுங்கள். படுக்கையருகே வாயே திறக்கக் கூடாது, பலகையிலும் எழுதக் கூடாது.